குழைந்த சோறும் காயாத எண்ணெயும்

சேசு மரி சூசை துணை

கல்லுமலைத் தோட்டம்,
செலண்டார், மலாக்கா.
1957, தவசு காலத்து மூன்றாம் ஞாயிறு.

அன்பு மகள் அக்னஸுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

நீயும் மாப்பிள்ளை அல்போன்ஸும் புதிதாகப் பிறந்திருக்கும் சின்னவளும் சர்வேசுரன் தயவில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நான் சுகம். வழக்கமாக அடுத்த வரியில் அம்மாவும் சுகம் என்று எழுதி, அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, கத்தரிக்காய் காய்த்ததிலிருந்து கோழி அடைகாப்பது வரைக்கும் எழுதித் தள்ளுவேன். இந்தத் தடவை பக்கத்தில் ஆள் இல்லை. பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரியைக் கலங்க வைக்கக் கூடாது, நாற்பது நாள் முடியட்டும் என்று அடுத்த வீட்டுக் குஞ்சம்மா சொன்னதால் இதுவரைக்கும் உன்னிடம் மறைத்தேன். அம்மாவுக்குக் கால் வீக்கம், ரயில் பயணம் ஆகாது என்று நான் போட்ட கார்டு பொய். உன் அம்மா மலாக்கா டவுன் ஜெயிலில் இருக்கிறாள். உயிருக்கு ஒன்றுமில்லை, நோய் இல்லை, யாரும் கை வைக்கவில்லை. இதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டு, பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு மீதியைப் படி. பிரசவத்துக்குப் பெற்ற தாய் வரவில்லையே என்று நீ எழுதியதில் கோபம் இருந்தது, அதைத் தூக்கி என்மேல் போட்டுக்கொள். அவள் வராமல் இருக்கவில்லை. உன்னிடம் வரத்தான் புறப்பட்டாள், தோட்டத்து கேட்டைத் தாண்ட விடவில்லை.

நீ கல்யாணமாகிப் போகும்போது லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி மட்டும்தான் இருந்தது. இப்போது நிலைமை வேறு. எந்த வீட்டிலும் ஒரு பிடி அரிசி இருக்கக் கூடாது. காட்டில் துப்பாக்கியோடு ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் அரிசி கொடுத்துவிடாமல் இருக்க, தை பிறந்ததிலிருந்து மொத்தத் தோட்டத்துக்கும் ஒரே கொட்டகையில் சோறாக்கி, ரேஷன் அட்டையைப் பார்த்து அளந்து போடுகிறார்கள். அரிசியை ஒளித்து வைக்கலாம், வெளியே கடத்தலாம், சோறு மறுநாளே புளித்துப்போகும், அது காட்டுக்குப் போய் ஒருவருக்கும் உதவாது என்பது மேலே இருக்கிறவர்கள் போட்ட கணக்கு. நல்ல கணக்குதான், தமிழச்சி வீட்டு அடுப்படியைப் பார்த்திராதவன் போட்ட கணக்கு. ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் ஒரு துண்டு ரொட்டிகூடக் கொண்டுபோக முடியாது, கேட்டில் தூக்குவாளியைத் திறந்து பார்த்து, இடுப்பைத் தடவிப் பார்த்துத்தான் விடுகிறார்கள். சமைக்கிற வேலைக்கு யாரைப் போட்டார்கள் என்கிறாய், நம் நாகமுத்துவை. புல் வெட்டிக்கொண்டிருந்தவன், மாரியம்மன் திருவிழாவில் ஒரு வருஷம் அண்டாவில் கரண்டி போட்டுக் கிண்டினான், அந்த ஒரு பெருமைக்காக அவனைச் சமையல்காரன் ஆக்கினார்கள். அவன் பெண்டாட்டி சயரோகத்தில் போனதும், மூன்று பெண் பிள்ளைகளை அவன் தனியாக வைத்துக்கொண்டு திண்டாடுவதும் உனக்குத் தெரியும். ஆரம்பத்தில் அவன் ஆக்கிய சோறு மேலே அரிசி, நடுவிலே சோறு, அடியிலே கரி. லயமே அவனைத் திட்டியது, நானும் கணக்கில்லாமல் திட்டினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டே அளந்து போடுவான்.

ஒரு நாள் காலையிலிருந்தே மழை. விறகு நனைந்து, பாதி வேக்காட்டில் நெருப்பு அணைந்துபோய், மறுபடி பற்றவைப்பதற்குள் அரிசி வெந்நீரிலேயே கிடந்து அண்டா முழுவதும் கூழ் மாதிரி ஆகிவிட்டது. பாதிப் பேர் வாங்காமல் திரும்பிப் போனார்கள். மிஞ்சியதைத் தோட்டத்துக் கணக்கு பார்க்கிற கிராணியிடம் காட்ட வேண்டும், காட்டினால் அன்றோடு வேலை போகும். நாகமுத்து நம் வீட்டுப் பின்பக்கம் வந்து, "அக்கா, கொஞ்சம் எடுத்துக்குங்கக்கா, கொட்டுனா என் வேல போயிரும்கா" என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றிருக்கிறான். உன் அம்மா இரண்டு பெரிய பேசின் நிறைய வாங்கி வைத்துக்கொண்டாள். இன்னும் சில வீடுகளிலும் வாங்கினார்கள், அவர்கள் அன்றைக்கே தின்றும் கோழிக்குப் போட்டும் தீர்த்தார்கள். குழைந்த சோற்றைப் பார்த்தால் உன் அம்மாவுக்கு என்ன தோன்றும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உப்பும் பச்சை மிளகாயும் அரைத்துப் போட்டு, சீரகம் தூவிப் பிசைந்து, மறுநாள் வெயில் வந்ததும் என் பழைய வேட்டியைக் கோழிக்கூண்டுக் கூரைமேல் விரித்து, ராகம் பாடிக்கொண்டு கிள்ளிக் கிள்ளி வைத்தாள். சோற்று வடகம் என்றால் சுங்கைப்பட்டாணியில் இருக்கிற மகளுக்கு உயிர், போகும்போது கொண்டுபோகிறேன் என்று என்னிடம் சொன்னாள். லயமே அதைப் பார்த்தது. ரோந்து வந்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள் ஒருவன் நின்று, வேட்டிமேல் உட்கார வந்த காக்கையை விரட்டிவிட்டுப் போனான். எங்களில் ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அரிசி என்றால் மூட்டையில் இருப்பது, படியால் அளப்பது. வடகம் வடகம்தானே, அதைப் போய் யார் அரிசி என்று நினைப்பார்கள்.

அவள் புறப்பட்ட நாளில் நான் புகைக்கூட்டில் இருந்தேன். ரப்பர் ஷீட்டுகள் புகையில் காய உள்ளே தொங்கிக்கொண்டிருந்ததால் நெருப்பை விட்டு நகர முடியவில்லை, கேட் வரைக்கும் போய் வழியனுப்பவில்லை. பிஸ்கட் டின்னில் வடகத்தை அடைத்து, காற்று புகாமல் மூடிக்கு மேல் துணி கட்டி, பையில் அடியில் வைத்து, அதற்கு மேல் சின்னவளுக்குத் தைத்த சட்டைகளையும் தன் சேலைகளையும் வைத்திருக்கிறாள். அன்றைக்கு கேட்டில் வழக்கமான ஆட்கள் இல்லை, வெளியிலிருந்து வந்த போலீஸ். பையைக் கவிழ்த்தார்கள், டின்னை அவிழ்த்தார்கள். கேட்டைத் தாண்டிப் போகிற பையில், சேலைக்கு அடியில், இறுகக் கட்டிய டின் நிறையக் காய்ந்த சோறு. அவர்கள் கண்ணால் பார்த்தால் எனக்கே சந்தேகம் வரும். "எம்மவளுக்குங்க, பொரிச்சுத் திங்கறதுங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள், அவர்களுக்குத் தமிழ் தெரியாது. லாரியில் ஏற்றிவிட்டார்கள். குஞ்சம்மா தலைவிரிகோலமாகப் புகைக்கூட்டுக்கு ஓடி வந்து, "அண்ணே, அக்காவ புடிச்சிட்டாங்கண்ணே" என்றபோது எனக்கு முதலில் விளங்கவே இல்லை. அதே நேரத்தில் நீ மாப்பிள்ளையை ரயில் ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் காத்திருந்திருப்பாய்.

இனி எழுதப்போவதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனில் இருந்த வெள்ளைக்காரத் துரை மோசமானவர் இல்லை. கிராணியை வைத்து மொழிபெயர்த்துப் பொறுமையாகத்தான் கேட்டார். இது எண்ணெயில் போட்டால் பூ மாதிரி விரியும், ரசத்துக்குத் தொட்டுக்கொள்வது, வயிறு நிறைகிற சாப்பாடு இல்லை என்று உன் அம்மா சொன்னாள். அங்கே இருந்த கோப்ரல் யூசோப் என்கிற மலாய்க்காரரும், இது நாங்கள் பொரிக்கிற கெரோப்போக் அப்பளம் மாதிரிதான் துவான் என்றார். துரை யோசித்து, சரி, பொரித்துக் காட்டுங்கள், நீங்கள் சொல்வது மாதிரி விரிந்தால் பார்க்கலாம் என்றார். உன் அம்மா எழுந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஆனால் பிடிபட்ட ஆள் கையில் நெருப்பும் கொதிக்கிற எண்ணெயும் கொடுக்கக் கூடாதாம், சட்டமாம். புருஷன் செய்யட்டும் என்று என்னைக் கைகாட்டினார்கள். உன் அம்மா என்னைப் பார்த்தாள், பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் ஒரு நாளாவது அடுப்படியில் கரண்டி பிடித்திருந்தால்தானே அவளுக்குத் தைரியம் வரும்.

ஸ்டேஷனுக்குப் பின்னால் போலீஸ்காரர்கள் சமைக்கிற இடம். ரப்பர் விறகு, தேங்காய் எண்ணெய், ஒரு வாணலி. நெருப்பு மூட்டுவது எனக்குப் பெரிய காரியமா. இந்தத் தோட்டத்தில் என்னைவிட நெருப்பைத் தெரிந்தவன் யார் என்று உள்ளுக்குள் ஒரு கர்வம்கூட வந்தது. அதுதான் குடியைக் கெடுத்தது. புகைக்கூட்டில் என் வேலை என்ன, நெருப்பு எழும்பாமல் பார்த்துக்கொள்வது. கொழுந்துவிட்டால் ஷீட்டெல்லாம் கொப்பளித்துப் பாழாகும், அதனால் கட்டையை விலக்கி, சாம்பலைத் தூவி, புகையவிட வேண்டும். நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து இந்தக் கை அதையே செய்திருக்கிறது. அங்கேயும் தீ நன்றாகப் பிடித்தவுடனே இந்தக் கை தன்னாலே போய்க் கட்டையைப் பிரித்தது, சாம்பலை அள்ளிப் போட்டது. நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை. எண்ணெயில் லேசாக ஆவி வந்ததும் காய்ந்துவிட்டது என்று நினைத்து, துரை பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்கிற பதற்றத்தில் ஒரு பெரிய கை நிறைய அள்ளி ஒன்றாகக் கொட்டினேன். எல்லாம் அடியில் போய் உட்கார்ந்தது. ஒன்றுகூட மேலே வரவில்லை. நான் கிண்டினேன், காத்திருந்தேன், மாதாவை வேண்டினேன். எண்ணெயைக் குடித்துக் குடித்து, நிறம் மாறி, கூழாங்கல் மாதிரி கிடந்தது. துரை ஒன்றை எடுத்துக் கடித்தார், பல்லில் நெறுக்கென்றது, துப்பிவிட்டார். பிறகு ஒரு மங்குக் கிண்ணத்தில் வெந்நீர் கொண்டுவரச் சொல்லி, பொரிக்காத வடகத்தில் கொஞ்சத்தை அதில் போட்டு மூடிவைத்து, ஒரு சிகரெட் பிடித்தார். சிகரெட் முடிந்ததும் திறந்து என்னிடம் காட்டினார். உப்பும் காரமும் போட்ட சோறு. "ரைஸ்" என்றார், கோபமில்லாமல், பிள்ளைக்குப் பாடம் சொல்கிற மாதிரி. அந்த வார்த்தைக்கு எனக்குக் கிராணி தேவைப்படவில்லை. அவர் சொன்னதும் பொய்யில்லை அக்னஸ், அதுதான் என்னை அதிகமாக வாட்டுகிறது. பசித்தவன் கையில் கிடைத்தால் அது சோறுதான்.

அன்றிலிருந்து நான் தனியாகப் பொங்கித் தின்கிறேன். சோறு கொட்டகையிலிருந்து வந்துவிடும், குழம்பு நம் பாடு. நீ சிரிப்பாய் என்றுதான் எழுதுகிறேன், சிரித்தால் சந்தோஷம். கருவாட்டுக் குழம்புக்கு உப்புப் போட்டேன், கருவாட்டிலேயே உப்பு இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை, உப்பும் இப்போது அளந்துதான் கிடைக்கிறது. பருப்பு எத்தனை நேரம் கொதித்தாலும் கல்லாகவே இருக்கிறதே என்று கடைக்காரனைத் திட்டப் போனேன், முதலிலேயே உப்பைப் போட்டால் எந்தப் பருப்பு வேகும் என்று குஞ்சம்மா தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னாள். சீரகம் என்று சோம்பைத் தாளித்து ரசம் வைத்தேன். உன் அம்மா எந்த டின்னில் எதை வைத்திருக்கிறாள் என்று அவளைத் தவிர யாருக்குத் தெரியும், ஓவல்டின் டின்னில் மிளகு, பால்மாவு டின்னில் புளி. எல்லாவற்றையும் மாற்றி ஒழுங்காக அடுக்கலாம் என்று ஒரு நாள் கீழே இறக்கினேன், பிறகு மனசு கேட்கவில்லை, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். என் குழம்பில் எதைப் போட்டாலும் புகை வாடைதான். நெருப்பை எழும்ப விடு, எழும்ப விடு என்று குஞ்சம்மா கத்துவாள், இந்தக் கை போய்க் கட்டையைப் பிரித்துவிடும். போன வெள்ளிக்கிழமை, இறைச்சி தொடாத சுத்தபோசனத்துக்கு, டவுனில் வாங்கின அப்பளத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டேன் என்றே வைத்துக்கொள். தீயை நாக்கு நீட்ட விட்டு, முதலில் ஒரு சின்னத் துண்டைக் கிள்ளிப் போட்டுப் பார்த்து, அது துள்ளி மேலே வந்த பிறகு முழு அப்பளத்தைப் போட்டேன். விரிந்தது. வாணலி கொள்ளாமல் விரிந்தது. அதைத் தட்டில் வைத்துக்கொண்டு தின்னாமல் அழுதேன், கிழவனுக்கு இது தேவையா என்று நீ கேட்கலாம்.

இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பார்க்க விடுகிறார்கள். செலண்டாரில் பஸ் ஏறி, புக்கிட் பெருவாங் தாண்டும்போதே என்ன முகத்தோடு அவள் முன்னால் நிற்பது என்று நினைக்க ஆரம்பித்துவிடுவேன். முதல் தடவை கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றவள் உன் பிரசவம் பற்றித்தான் கேட்டாள். பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம் என்றதும் கும்பிட்டுக்கொண்டாள். அப்புறம்தான், "மொதல்ல ஒண்ணு போட்டுப் பாத்தீங்களா?" என்றாள். இல்லை என்றேன். என் கையைப் பார்த்தாள். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும், எத்தனையோ விஷயத்துக்கு வாய் ஓயாமல் திட்டுகிறவள், இதற்கு வாயைத் திறக்கவில்லை.

கோயில் சாமியார் ஒரு லாயரைப் பிடித்துக் கொடுத்தார். நல்ல மனுஷர், சீனர், பணத்தைப் பற்றிப் பேசவில்லை. கேஸ் பாஸ்கா திருநாள் முடிந்து வருகிறது, கோர்ட்டிலே இன்னொரு தடவை பொரித்துக் காட்டக் கேட்டுப் பார்க்கலாம் என்றார். எனக்கு உயிர் வந்தது. இப்போதுதான் எனக்கு எண்ணெய் காய்வது தெரியுமே. ஓடிப்போய் உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் கேட்ட ஒரே கேள்வி, அந்த டின் எங்கே இருக்கிறது என்பது. ஸ்டேஷனில், அரக்கு முத்திரை வைத்து, சுவரோரம் ஒரு அலமாரியில் என்றேன். "இந்த மழைக்கு நமுத்துப் போயிருக்கும்ங்க, வெயில்ல ஒரு நாள் போடாம பொரிச்சா யார் பொரிச்சாலும் வராது" என்றாள். துரை பாதிக்கு மேல் எடுத்துச் சோதித்துவிட்டுத் தளர்வாக மூடியதை நானே பார்த்தேன். சரி, கேட்டுப் பார்ப்போம் என்று கோப்ரல் யூசோப்பிடம் போனேன். கேஸ் டின்னை ஒரு நாள் வெயிலில் வைக்க முடியுமா என்று கேட்டேன். எதற்காக என் பெண்டாட்டியைப் பிடித்தார்களோ அதையே போலீஸைச் செய்யச் சொல்லிக் கேட்கிறேன் என்பது கேட்டு முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் முதலில் சிரித்தார், பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். என் தாயாரும் கெரோப்போக்கை வெயில் காட்டாமல் பொரிக்க மாட்டார், நீ சொல்வது எனக்குத் தெரியும், ஆனால் முத்திரையை உடைத்தால் என் வேலையும் போகும், உன் கேஸும் போகும், "தா போலே லா, பாக்சிக்" என்று, முடியாது பெரியவரே என்று, என் தோளைத் தட்டினார். போன வருஷம் அம்மா உனக்கு அனுப்பிய வடகம் மிச்சமிருந்தால் அதைக் காட்டலாமா என்று லாயரிடம் கேட்டேன். வேறு வடகம் பொரிந்தால் அது வேறு வடகம் என்று சொல்லிவிடுவார்கள் என்றார்.

இன்னொரு வழி இருக்கிறது, அதைச் சொன்னதால்தான் எனக்கும் அவளுக்கும் கம்பிக்கு நடுவில் சண்டை வந்தது. இத்தனை சோறு எப்படிச் சேர்ந்தது என்று துரை கேட்டதற்கு, "எம்பங்குச் சோத்துல மிச்சம் புடிச்சதுங்க" என்று சொல்லி வைத்திருக்கிறாள். தினம் தினம் வாயைக் கட்டிச் சேர்த்தவள் காட்டுக்குக் கொடுக்கத்தான் சேர்த்திருக்கிறாள் என்று அவர்கள் எழுதிக்கொண்டார்கள். ஒரே நாளில், சமையல் கெட்டுப்போய், கொட்ட இருந்த சோறு என்று உண்மையைச் சொன்னால் லேசாக முடியலாம், சொல்லாவிட்டால் இரண்டு வருஷம்கூட ஆகலாம் என்கிறார் லாயர். ஆனால் உண்மையைச் சொன்னால் அளவுக்கு மேல் அள்ளிக் கொடுத்த நாகமுத்துவைக் கொண்டுபோவார்கள், அவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை. நான் உன் அம்மா மாதிரி இல்லை அக்னஸ், உன்னிடம் ஒளிக்கவில்லை, எனக்கு என் பெண்டாட்டி வேண்டும். நேராகக் கொட்டகைக்குப் போனேன், சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற ஆத்திரத்தோடுதான் போனேன். அவன் அண்டா முன்னால் உட்கார்ந்து நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, "நானே வந்து சொல்லிர்றேன் மாமா, புள்ளைங்கள மட்டும்" என்று ஆரம்பித்தான். சின்னது அவன் காலைக் கட்டிக்கொண்டு நின்றது. நான் வந்த வழியே திரும்பிவிட்டேன். இதை உன் அம்மாவிடம் சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்தது, ஜெயிலுக்குப் போன பிறகு அவள் என்மேல் கோபப்பட்டது அன்றைக்குத்தான். "நாகமுத்து வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லுங்க. எம்மவளுக்கு வீடு இருக்கு, புருஷன் இருக்கான். அந்த மூணுக்கும் யாரு இருக்கா? நீங்களா பொங்கிப் போடுவீங்க?" என்றாள். பொரித்துக் காட்டுவதும் வேண்டாம், கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், கொஞ்சம் குறைத்துக் கொடுப்பார்கள் என்று லாயரிடம் அவளே சொல்லிவிட்டாள். எனக்கு இதில் இன்னும் சம்மதமில்லை. ஆனால் சோறும் அவள் கையில் பட்டது, வார்த்தையும் அவளுடையது, மீறிப்போய் நான் சொன்னால் வெளியே வந்து என் முகத்தில் விழிக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஆகஸ்டில் சுதந்திரம் வரப்போகிறது என்று டவுனில் எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள், அப்போது ஜெயிலில் இருக்கிறவர்களை விடுவார்களாம் என்று ஒரு பேச்சும் இருக்கிறது. யார் சொன்னது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. நானும் நாலு பேரிடம் அதையே சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

நாகமுத்து இப்போது நம் வீட்டுச் சோற்றை, என்னை வரிசையில் நிற்க விடாமல், தானே கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போகிறான், என் முகத்தைப் பார்ப்பதில்லை. அவள் போன நாளிலிருந்து இன்றைக்கு வரைக்கும் ஒரு வேளைகூடச் சோறு குழையவில்லை. மழை பெய்தாலும் விறகை முதல் நாளே அடுப்புக்கு மேல் பரணில் காயவைக்கிறான், அண்டாவை விட்டு நகர்வதில்லை. ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக, உன் அம்மா வடித்த மாதிரி இருக்கிறது. லயத்தில் எல்லோரும் மெச்சுகிறார்கள். எனக்கு அதில் ஒரு வாய்க்கு மேல் இறங்குவதில்லை.

உனக்காகக் காயவைத்ததால்தான் இப்படி ஆனது என்று மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. நீ இல்லாவிட்டாலும் அவள் குழைந்த சோற்றைக் கொட்டியிருக்க மாட்டாள். கேஸ் நாளுக்குக் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறாதே, சின்னவளை முதல் முதலாகக் கம்பி வழியே பார்க்க அவளுக்கு விருப்பமில்லை. ஸ்டூடியோவில் ஒரு படம் எடுத்து அனுப்பு, அடுத்த மாதம் காட்டுகிறேன். தலைக்கு ஈரம் வைத்துக்கொண்டு படுக்காதே, பூண்டு நிறையச் சேர்த்துக்கொள், பால் கொடுக்கிற வரைக்கும் ஒருசந்தி விரதம் இருக்க வேண்டாம் என்று சாமியாரே சொன்னார். அவர் ஞான ஒடுக்கத் தியானத்துக்கு உங்கள் பக்கத்துப் பினாங்கு போகிறார், இதை அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன், பதிலையும் அவர் திரும்பும்போது அவரிடமே கொடு. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். சேசுநாதரும் தேவமாதாவும் உங்கள் மூவரையும், அந்த மூன்று பெண் பிள்ளைகளையும் காப்பாற்றட்டும், சின்னவளுக்கு நெற்றியில் என் பேரால் ஒரு சிலுவை போடு.

மறப்பதற்குள் ஒன்று சொல்ல வேண்டும். போன வருஷம் அம்மா அனுப்பிய டின்னில் வடகம் மிச்சம் இருந்தால் இனிமேல் பொரிக்காதே. உங்கள் பக்கத்தில் அந்தச் சட்டம் இல்லை, யாருக்கும் பயப்படாமல் மாதம் ஒரு தடவை எடுத்து நல்ல வெயிலில் பரப்பி, காய்ந்ததும் சூடு ஆறவிட்டு மூடி வை. நமுத்துப் போக விடாதே. அதை உன் அம்மா வந்து பொரிக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அப்பா,
தே. சவரிமுத்து